கடனைக் கடனாக எழுது! பவராக எழுதாதே!



புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் விதைக்கிற மானாவாரிச் சம்சாரிகள் நாம். மழை பொய்த்தால் பயிர் கருகும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கின கடன் மட்டும் முளைக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் அந்தக் கடனைக் காட்டியே நம் காட்டைப் பிளாட் போடப் பார்க்கிறார்கள்.

எப்படி? வட்டிக்காரர் பணத்தை நீட்டும்போதே, "அடமானம் எதுக்கு அண்ணாச்சி, சும்மா ஒரு பவர் போடுங்க" என்பார். சும்மாவா? பொது அதிகாரப் பத்திரம் கடனுக்கு ஈடு அல்ல. நம் நிலத்தை நம் பெயராலேயே விற்கக் கொடுக்கும் சாவி! பவர் வாங்கினவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் நம் சார்பில் அடுத்தவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க அவரால் முடியும். கண்ணி அங்கேதான் இருக்கிறது!

அடுத்து புரோக்கர் 'பங்குதாரர்' என்று வருவார். நிலம் நம்முடையது, லாபம் அவருடையது. இதுவா பங்கு? அளக்க வருகிறவர் ஓடையையும் வண்டிப்பாதையையும் பார்க்காமல் கல் ஊன்றினால் பக்கத்துக் காட்டுக்காரனும் சேர்ந்து கெடுகிறான். மேலே தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழே கண்மாய் காயும்.

சட்டம் இல்லையா? கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. மறு வருஷமே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. மனையை வரன்முறை செய்யலாம். மூடின ஓடையை எந்தக் கட்டணத்தால் திறப்பது?

எனவே கோருகிறோம்:

* விதைப்புக்கு முன்பே கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கொடு!
* பவர் பதியும்போது அதன் விளைவைச் சார்பதிவாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்!
* பக்கத்து நிலத்தாரைக் கூப்பிட்டு, புல வரைபடத்தில் உள்ள ஓடையையும் பாதையையும் காட்டி அள!

விவசாயிகளே! கடன் வாங்கினால் அடமானப் பத்திரமே எழுதுங்கள். ஏற்கனவே பவர் கொடுத்தவர்கள் இன்றே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நிலம் கைமாறும் முன் ரத்துப் பத்திரம் பதிய வழியுண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள். தனியாகக் கையெழுத்துப் போட்டுத்தானே ஏமாந்தோம். கூடி நின்று மீட்போம்!