அளக்கப்படுவது உடலா, உழைப்பா?

ஆவடி, அம்பத்தூர் மைதானங்களில் விடியும் முன்பே இளைஞர்கள் ஓடுவதை, காலைத் திருப்பலிக்குச் செல்லும் நம்மில் பலர் பார்த்திருப்போம். காவலர் தேர்வுக்கான பயிற்சி அது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் விதிப்படி ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும்; பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளில். சில மாதப் பயிற்சியில் எட்டக்கூடிய அளவுதான் இது. ஏழை வீட்டுப் பிள்ளையும் செலவின்றித் தயாராகலாம் என்பதால், நமக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை.

ஆனால் அளவுகோல் பிசகினால்? 2024 ஆகஸ்டு, செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலக் கலால் காவலர் தேர்வில் ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடங்களில் ஓட வேண்டியிருந்தது. புழுக்கமான அந்த நாள்களில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். ஓட்டத்தின் தூரத்தையும் நேரத்தையும் அளந்தவர்கள் வெயிலை அளக்கவில்லை.

காவலர் வேலை கிடைக்காதவர்களில் பலர் எங்கே போகிறார்கள்? அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், பூந்தமல்லி சாலையோரக் கிடங்குகளுக்கும், கட்டட வேலைக்கும்தான். அங்கே யாரும் ஓட்டம் வைப்பதில்லை. உழைப்பின் கடுமையை அளப்பதும் இல்லை. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் 55 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967இலேயே பரிந்துரைத்தது. அப்படியானால் 50 கிலோ சரிதானே என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, எந்த வெயிலில் என்பதல்லவா கேள்வி!

இதற்கும் அளவுகோல் உண்டு. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயிலின் கதிர்வீச்சு நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு அது. வெயிலுக்குப் பழகிய உடலானாலும், கடின உழைப்புக்கு இக்குறியீடு 26 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 7243 தரநிலை. சென்னையின் ஏப்ரல், மே மாதப் பகல்கள் இதை எளிதாகத் தாண்டிவிடும். நமக்கு அருகில் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் இருமடங்கு என்று கண்டது. கல்லும் மணலும் சுமக்கும் சித்தாள் பெண்களை இங்கே நினைத்துப் பார்க்கிறோம்.

வேலை எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு நேரம் குறைய வேண்டும், பருவகாலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டுத் தொழிலாளர் சுற்றுமடலிலேயே கேட்டிருந்தார்.

ஓய்வும் நிழலும் தண்ணீரும் தேவை என்பதை எந்த முதலாளியும் மறுப்பதில்லை. சிக்கல் கூலியில் இருக்கிறது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அந்தப் பத்து நிமிடமும் அவருக்கு நட்டம். நமது பங்குகளில் ஆலயமோ பள்ளியோ கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, கோடையில் நண்பகல் ஓய்வுக்கும் கூலி உண்டு என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.