ஜன்னலோரத்து ஜிமிக்கி

சுடுமண் ஜிமிக்கியும் பட்டுநூல் வளையலும் வீட்டிலேயே செய்து, கைப்பேசி வாயிலாக விற்று ஜீவனம் நடத்தும் பெண்மணிகள் பலர், தங்கள் சிருஷ்டியின் சௌந்தரியம் படத்தில் புலப்படாமைக்கு உயர்ந்த காமிரா இல்லாததே காரணமென்று விசனப்படுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் குறை கருவியிலன்று, வெளிச்சத்திலேயே இருக்கிறது.

நேர்வெயில் விழாத ஜன்னலருகே மேஜையிட்டு, ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேஷ்டியொன்றைத் திரையாகக் கட்டி, எதிர்ப்புறத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்திவிட்டால், பக்கவாட்டில் வரும் மிருதுவான ஒளி சுடுமண்ணின்மேல் ஊசியால் கீறிய கோடுகளையெல்லாம் எடுத்துக்காட்ட, அட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலின் கடுமையைத் தணிக்கும். அச்சமயம் அறைவிளக்கை அணைத்துவிடுவது அவசியம். பகலொளியோடு குண்டு பல்பின் ஒளி கலந்தால், வெள்ளை மணிகூட ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளுமாகத் தோன்றும். ஃபிளாஷும் கூடாதென்று சொல்லவே வேண்டாம். மெருகிட்ட வெள்ளியிலோ, படமெடுப்பவரின் சட்டை நிறம்வரை வந்து உட்கார்ந்துகொள்ளுமாதலால், வெள்ளைத் தாளில் துவாரமிட்டு அதன் வழியே எடுப்பது உத்தமம். கைப்பேசியை மிக அருகே கொண்டுபோனால் உருவம் மங்கும். ஒரு சாண் விலகி எடுத்து, வேண்டாத பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

ஆனால், நிறத்தைக் கூட்டிக் காட்டும் ஃபில்டர் வித்தையை நான் ஆட்சேபிக்கிறேன். முகூர்த்தப் புடவையின் அரக்கு நிறத்துக்கென்று வாங்கிய வளையல், பார்சலைப் பிரித்ததும் செங்கல் நிறமாக இருக்கக் கண்டவர் மறுமுறை அந்தப் பக்கம் வருவாரா? ஜிமிக்கியானால், அளவு விளங்கும்படி, அதைக் காதில் அணிந்த படம் ஒன்றையும் உடன் அனுப்புவது உசிதம்.