பிரேசிலின் செல்வம் யார் கொடுத்தது?

ஒரு தேசம் செழித்தால் அது கடவுள் கடாட்சம் என்றும், வறுமைப்பட்டால் அது ஜனங்களின் தலைவிதி என்றும் சொல்லி வயிறு வளர்ப்பவர்கள் எங்கும் இருக்கின்றார்கள். அவர்கள் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசத்தின் சங்கதியைச் சற்று கவனிக்க வேண்டுமென்று ஆசைப்படுகின்றோம்.

20 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள்ள அத்தேசத்தின் நடுவே செர்ராடோ என்கின்ற மேட்டு நிலப்பரப்பு இருக்கின்றது. அங்கு மழையும் வெய்யிலும் தாராளமானாலும், மண்ணோ புளிப்பேறியது. பயிருக்கு ஆகாத அலுமினியம் கலந்தது. ஆதலால் மாடு மேய்வதைத் தவிர அதனால் பெரிய பிரயோஜனமில்லாமலிருந்தது. கடவுள் படைத்தது படைத்தபடியே விட்டிருந்தால் இன்றும் அப்படியேதான் இருந்திருக்கும். 1973-ல் சர்க்கார் எம்ப்ராபா என்கின்ற விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அதிலுள்ளவர்கள் யாகமும் செய்யவில்லை, பூசையும் போடவில்லை. சுண்ணாம்புக் கல்லைப் பொடியாக்கி மண்ணில் கொட்டிப் புளிப்பை முறித்தார்கள். குளிர்ந்த சீமைப் பயிராகிய சோயா மொச்சையை உஷ்ண பூமிக்கு ஏற்றபடி மாற்றி எடுத்தார்கள். ஜோகன்னா டோபரைனர் என்கின்ற பெண்மணி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும் நுண்கிருமிகள் இருக்கும்போது சோயாவுக்கு அந்த எருவை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று காட்டினார். பெண்களுக்கு அடுப்பங்கரையே போதும் என்கின்ற நம் வைதீகர்கள், அந்த அம்மையாரால் மிச்சமான பணத்தைக் கணக்குப் பார்க்கட்டும்! இன்று சோயா விளைவிப்பதிலும் விற்பதிலும் உலகத்தில் முதலாவது தேசம் பிரேசில்தான்.

மாட்டுச் சங்கதி இன்னும் வேடிக்கையானது. அங்குள்ள 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகளில் பெரும்பான்மை "நெலோர்" ஜாதி அல்லது அதன் கலப்பு. முன் சென்னை மாகாணத்திலிருந்த நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடுதான் 19-வது நூற்றாண்டு முதல் கப்பலேறிப் போயிற்று. நாம் கொம்புக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் நல்ல பொலிகாளையாகத் தெரிந்தெடுத்து வம்சவிருத்தி செய்தார்கள். இன்று மாட்டிறைச்சி வியாபாரத்தில் அவர்கள் முன்னணியில் நிற்கின்றார்கள்.

ஆனால் விளைவிக்கும் சாமர்த்தியம் வேறு, வியாபாரத்தில் நிற்கும் நிலை வேறு. 2009 முதல் பிரேசிலுக்குப் பெரிய வியாபாரக் கூட்டாளி சீனா. அங்கே போவதெல்லாம் பெரும்பாலும் சோயாவும், இரும்புக் கல்லும், மண்ணெடுத்த எண்ணெயும்; வருவதோ யந்திரங்களும் மின்சாரச் சாமான்களும். மூளை இல்லாததால் இப்படி என்று யாரும் சொல்ல முடியாது. 1969-ல் சர்க்கார் தொடங்கிய எம்ப்ரேயர் கம்பெனியின் ஆகாய விமானங்கள் அமெரிக்காவிலேயே பறக்கின்றன. 1991-ல் அர்ஜெண்டைனா முதலிய மூன்று அண்டை நாடுகளுடன் மெர்கோசூர் ஒப்பந்தம் செய்துகொண்ட பின், அர்ஜெண்டைனாவுக்கு மோட்டார் வண்டிகளை விற்கின்றார்கள். சீனாவுக்கு மட்டும் கல்லையும் மொச்சையையும் விற்பது, அதில் சுலபமாகப் பணம் வருகின்றதென்கின்ற சோம்பலே என்பது நமது அபிப்பிராயம். அன்றியும் மண்ணுக்குப் போடும் எருவில் முக்கால் பங்குக்கு மேல் அன்னிய நாட்டுச் சரக்கு. 2022-ல் ரஷ்யா உக்ரேன்மீது சண்டை தொடங்கியவுடன் விவசாய மந்திரியே எருவுக்காகக் கானடாவுக்குப் போகவேண்டியதாயிற்று.

இவ்வளவு செல்வமும் யார் வீட்டுக்குப் போகின்றது என்று கேட்டால்தான் அத்தேசத்தின் உண்மை நிலை தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 48 லட்சம் பேரை அடிமைகளாக இறக்கி, அவர்கள் முதுகில்தான் அங்கே கரும்பும் காப்பியும் விளைந்தன. ஜீவகாருண்யம் பேசிய பாதிரி மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக, 1888-ல்தான், விடுதலைச் சட்டம் வந்தது. சட்டத்தில் விடுதலை இருந்ததே தவிர, உழுதவனுக்கு ஒரு முழம் நிலமில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பழையவர்களே. 2017-ல் எடுத்த விவசாயக் கணக்குப்படி, 100 பண்ணைகளில் 1 பண்ணை என்கின்ற விகிதமுள்ள பெரும் பண்ணைகள் ஏறக்குறைய பாதி சாகுபடி நிலத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. 1984-ல் நிலமற்றவர்கள் ஓர் இயக்கமாகச் சேர்ந்து, சும்மா கிடக்கும் பெரும் பண்ணைகளில் புகுந்து குடிசை போட்டுப் பயிரிட ஆரம்பித்தார்கள். அவர்களைத் திருடர்களென்று பண்ணைக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றார்கள்.