எதிர்த்திசையில் சுழலும் சிரிப்பு

மின்சாதனம் பழுதுபார்ப்பவர் என்றாலே நகைச்சுவைப் பாத்திரம் என்று திரைப்படங்களும் வார இதழ்த் துணுக்குகளும் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தச் சிரிப்பு தவறான ஆளின்மீது விழுகிறது என்பதே நம் வாதம்.

அண்மையில் நம் வீட்டு மின்விசிறி வேகம் குன்றியது. கடைக்குச் சென்றோம். பழுதைச் சொல்லி முடிக்குமுன்பே புதிய விசிறியொன்றைக் காட்டினார் விற்பனையாளர். அதன் பெட்டிமேல் ஒட்டியிருந்த ஐந்து நட்சத்திரங்களுக்கு என்ன பொருள் என்று கேட்டோம். "அஞ்சு வருஷம் வாரண்டி சார்" என்றார். மின்சிக்கனத்தின் தரக்குறி அது! அவரை நொந்து பயனில்லை. விற்கக் கற்பித்தவர்கள் விற்கும் பொருளைக் கற்பிக்கவில்லை.

வாங்காமல் திரும்பி, தெருமுனைப் பழுதுபார்ப்பவரை அழைத்தோம். நூறு ரூபாய்கூடப் பெறாத கண்டென்சர்தான் காரணம் என்று உடனே கண்டார், மாற்றினார். விசிறி சீறிச் சுழன்றது. காற்றுதான் வரவில்லை. பரணில் கிடந்த பழைய சிற்றிதழ்களின் தூசியெல்லாம் நம் தலையில் இறங்கிற்று. ஒயரை மாற்றி இணைத்ததில் விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை மேலே தள்ளியிருக்கிறது. வீடே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஏணியேறி, இரண்டே நிமிடத்தில் திருத்தினார்.

அவரது பிழை கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் வேறிடத்தில், திட்டமிட்டே செய்யப்படுகின்றன. 1924இல் ஜெனீவாவில் கூடிய பெரும் பல்பு நிறுவனங்கள் 'ஃபீபஸ்' என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் அடக்கின. அதை மீறி எரியும் பல்பைத் தயாரித்தவருக்கு அபராதமும் விதித்தன.

பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் தின்னும் இடத்தில் புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் சுழல்கிறது. நன்று. ஆனால் அதன் மின்னணுப் பலகை கெட்டால் தெருமுனைக் கடைக்கு வரைபடமோ உதிரிபாகமோ எளிதில் கிட்டுவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் இந்திய அரசு இணையதளமே தொடங்கியது. வரைபடம் அந்த ஏணியேறும் கைக்கு வந்துசேராதவரை அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஒரு சொல்லின் வேரறிய மூன்று அகராதிகளைப் புரட்டும் நாம், ஓர் இயந்திரத்தின் நோயறிந்தவரை எப்படி மதிக்கிறோம்? அவர் கேட்ட கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்தோம். கடையில் விலைச்சீட்டைப் பார்த்து ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சிரிக்க வேண்டுமென்றால், இதற்குச் சிரிப்போம்.