பெயரைப் பரணில் ஏற்றுங்கள்

ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரை இன்னமும் யாராவது பயபக்தியோடு உச்சரித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அந்த மென்பொருள்மீது அல்ல, அதை எழுதியவர்கள்மீதும் அல்ல. வேலை வேறு இடத்துக்குப் போய்ப் பல வருடம் ஆன பிறகும் பெயர்ப்பலகையை மட்டும் இறக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்மீதுதான்.

'பேர்ல என்னங்க இருக்கு?' என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 300 மில்லியன் டவுன்லோடைத் தாண்டிவிட்டோம் என்று 2020 அக்டோபரில் அப்பாச்சி அறக்கட்டளை பெருமையோடு அறிவித்தது. அந்த மென்பொருளின் கடைசிக் குறிப்பிடத்தக்க பதிப்பான 4.1 வெளிவந்தது 2014 ஏப்ரலில். அதன் பிறகு வந்ததெல்லாம் 4.1-இன் வாலில் ஓர் இலக்கம் கூட்டிய சில்லறைத் திருத்தங்கள். அத்தனை மில்லியன் பேரை அங்கே இழுத்துக்கொண்டு போனது எது? பெயர்தான்.

அந்தப் பெயரின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பரம்பரைச் சொத்து மாதிரி பேசுகிறார்கள், அதனால் பார்க்க வேண்டியிருக்கிறது. 1985-இல் ஜெர்மனியில் மார்க்கோ போரிஸ் என்ற பதின்ம வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினான். அங்கே பிறந்தது ஸ்டார் ஆபீஸ். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அப்போது வைத்த பெயர் 'ஓப்பன்ஆபீஸ்.ஆர்க்'. 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரில் ஏற்கெனவே வேறொருவருக்கு உரிமை இருந்ததால்தான் அந்த 'ஆர்க்' வால். பிரேசிலில் அதுவும் சரிப்படவில்லை. அங்கே 'பிஆர்ஆபீஸ்' என்ற பெயரில் நடந்தது. ஆக, ஒரே மென்பொருள் கால் நூற்றாண்டில் நாலைந்து சட்டை மாற்றியிருக்கிறது. புனிதம் என்று சொல்லப்படுகிற இந்தப் பெயரே சட்டச் சிக்கலுக்குப் பயந்து ஒட்டுப்போட்ட ஒன்று.

2010 தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் விழுங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி, மென்பொருளை உண்மையில் உழைத்து வளர்த்த தன்னார்வலர்களில் பலர் வெளியேறி 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். ஆரக்கிளையும் அழைத்தார்கள். பெயரைக் கொடுங்கள், அதே பெயரில் தொடர்கிறோம் என்றார்கள். லிப்ரே ஆபீஸ் என்பது அதுவரைக்குமான தற்காலிகப் பெயர். ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. அதற்குப் பதிலாக, புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் ஓப்பன் ஆபீஸ் சமூகக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றது. நிரல் எல்லாருக்கும் சொந்தம், பெயர் மட்டும் முதலாளிக்குச் சொந்தம். திறந்த மூலம் என்றால் என்ன என்று உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பாடம் நடத்தினார்கள். வணிகமுத்திரை உரிமை பற்றி ஒரு வகுப்புகூட நடத்தவில்லை.

பெயரில்லாமல் தெருவுக்கு வந்தவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். வீட்டைச் சுத்தம் செய்தார்கள். ஜெர்மானியப் பூர்வீகம் என்பதால் நிரலுக்குள் ஆயிரக்கணக்கான வரிக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் கிடந்தன. ஜெர்மன் தெரியாத ஒரு நிரலாளர் உள்ளே நுழைந்தால் இருட்டறைதான். அவற்றைத் தன்னார்வலர்கள் வரிவரியாக ஆங்கிலமாக்கினார்கள். பல வருட வேலை. கைதட்டல் கிடைக்காத வேலை. யாரும் கூப்பிடாத நிரல் துண்டுகளை வெட்டி எறிந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கென்று சின்னச் சின்னப் பணிகளைப் பட்டியல் போட்டு வைத்தார்கள். நவீனமாக்கல் என்று நான் சொல்வது இதைத்தான், பொத்தானின் நிறத்தை மாற்றுவதை அல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். 'கொ' என்று நீங்கள் தட்டும்போது கணினி சேமிப்பது க என்ற எழுத்தையும் அதற்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியையும்தான். அந்தக் குறியைப் பிய்த்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தை உருவமைக்கும் இயந்திரம். லிப்ரே ஆபீஸில் இந்த வேலையை விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்று தனித்தனி இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தன. ஒரே சிறுகதைக் கோப்பு மூன்று கணினியில் மூன்று விதமாக வரி உடைய வழி இருந்தது. 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பில் எல்லாத் தளங்களுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இயந்திரத்துக்கு மாறினார்கள். (ஹார்ஃப்பஸ் பாரசீகப் பெயர். 'திறந்த எழுத்து' என்று பொருள். பெயர் வைத்தால் இப்படி வைக்க வேண்டும்.) அதே 2017-இல் பழைய பெயருக்குச் சொந்தக்காரர்கள் 4.1-இன் அடுத்த இலக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆரக்கிள் கடைசியில் பெயரை யாருக்குக் கொடுத்தது? 2011 ஜூனில், நிரலோடு சேர்த்து, அப்பாச்சிக்கு. உழைத்தவர்களுக்குத் தரவில்லை. உரிமம் வேறு மாறியது. விளைவு ஒரு வழிப்பாதை: அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம், லிப்ரே ஆபீஸின் திருத்தங்களை அப்பாச்சி அப்படியே எடுக்க முடியாது. 2016-இல் பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே அறிவிக்கப்பட்டபோது அதை அடைத்த முழுப்பதிப்பு தயாராக இல்லை. 4.1.3 அக்டோபரில்தான் வந்தது. இடையில், செப்டம்பரில், திட்டத்தை மூடிவிடலாமா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. மூடவில்லை. டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் அதே வடிவில் சேமிக்காத ஒரு செயலியை இந்தக் காலத்தில் கூச்சமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்றால், 2004-இல் மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் திட்டத்தை அறிவித்த பிறகு அரசு அலுவலகங்களில் நுழைந்த பெயர் ஓப்பன் ஆபீஸ்தான். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள்தான் நம் தமிழ் அமைப்புகள் பலவற்றில் செயலாளர்களாக இருக்கிறார்கள். அப்படி ஓர் அமைப்பின் கணினிகளை நான் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். அங்குள்ள பெரியவர் ஒருவர் கேட்டார்: "தெரிஞ்ச பேரா இருக்கே தம்பி, இது என்ன லிப்ரா, லைபரா, வாயிலேயே நுழையல. நாளைக்கு இதையும் மாத்துவாங்க, அப்ப?"

நியாயமான கேள்விதான். லிப்ரே நல்ல பெயர் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர்களும் பெயரில் சறுக்கியவர்களே. 2020-இல் 7.0 பதிப்புக்கு 'தனிநபர் பதிப்பு' என்று ஓர் அடைமொழியை ஒட்டப் பார்த்தார்கள், சமூகம் சண்டைக்கு வந்தது, கைவிட்டார்கள். ஆனால் "ஐயா, நீங்க நம்புறது பேரை இல்ல, அந்தப் பேருக்குப் பின்னால இருந்த ஆளுங்களை. அவங்க இப்ப இங்க இருக்காங்க" என்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் மறுபடி ஒரு முறை 'லிப்ரா' என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

தன்னார்வலர்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் விரும்பும் திட்டத்தில் அவர்கள் வேலை செய்கிறார்கள், உனக்கென்ன என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. வேலை செய்யட்டும், நான் தடுக்கவில்லை. வேறு பெயரில் செய்யட்டும் என்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து பழைய நிரலைப் பொழுதுபோக்காகப் பராமரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பலகையை மாட்டிக்கொண்டு அதைச் செய்தால், உள்ளே வருகிறவனுக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாது. நம் ஊரிலும் ஆண்டுக்கு ஒரு முறை மாலை போட மட்டும் கூடும் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயரைச் சொல்லி ஒரு இளைஞன் புதிதாக ஒரு கூட்டம் நடத்தப் போனால் முதலில் வருவது வாழ்த்து அல்ல, 'யாரைக் கேட்டு?' என்ற கேள்வி.

2020 அக்டோபரில் லிப்ரே ஆபீஸ்காரர்கள் அப்பாச்சிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. தேடி வருகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள், அது போதும் என்றார்கள். அப்பாச்சியிடம் ஓய்வுபெற்ற திட்டங்களை ஏற்றி வைப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயரே 'பரண்'. வரலாறு அங்கே பத்திரமாக இருக்கும், நிரலும் இருக்கும், வேண்டியவர் ஏறிப் பார்க்கலாம். அதற்கு ஒரு வாக்கெடுப்பு போதும். அதுகூட வேண்டாம் என்றால், டவுன்லோட் பொத்தானுக்கு மேலே இரண்டு வரி எழுதி வையுங்கள்: கடைசிக் குறிப்பிடத்தக்க பதிப்பு 2014, வேலை நடக்கும் இடம் லிப்ரே ஆபீஸ்.