தொடைத் துளையை மூடும் கருவி: மருத்துவர் பழகும் காலத்தில் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு?

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்வது இன்று பரவலாகிவிட்டது. 1989இல் கனடாவின் லூசியன் காம்போ அந்த வழியில் இதயத் தமனிகளைப் படமெடுத்துக் காட்டினார். பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகள் ரத்தக்கசிவு அதில் குறைவு என்று உறுதிசெய்தன. ஆனால் தொடை வழி ஒழிந்துவிடவில்லை. மணிக்கட்டுத் தமனி சுருங்கிக்கொண்டாலோ, இதயத்துக்குத் துணைநிற்கும் பலூன் பம்ப் தேவைப்பட்டாலோ மருத்துவர் தொடைக்குத்தான் வர வேண்டும். அங்கே விழும் துளையை மூடும் கருவிகளை யார், எப்படிப் பழகுவது என்பதில் இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது.

கருவி இல்லையென்றால், தமனிக்குள் செருகிய குழாயை (ஷீத்தை) உருவியதும் ஒருவர் நின்றபடி விரல்களால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மணல் மூட்டை. காலை மடக்காமல் பல மணி நேரம் மல்லாந்த படுக்கை. முதுகுவலிக்காரருக்கு அது பெரும் வாதை. கருவி அந்த நேரத்தைச் சுருக்குகிறது. ஆஞ்சியோ-சீல் என்ற கருவி தமனிக்குள் சின்ன நங்கூரம் ஒன்றை நிறுத்தி, வெளிப்புறத்தில் கொலாஜனை இறுக்கி அடைக்கிறது. பெர்குளோஸ் தையல் போடுகிறது. ஸ்டார்குளோஸ் உலோகக் கவ்வியால் பிடிக்கிறது.

2014இல் வெளியான ஜெர்மானிய ஐசார்-குளோஷர் ஆய்வில் 4,524 பேர் சேர்க்கப்பட்டார்கள். ரத்தம் நிற்கக் கருவிக்கு 1 நிமிடம், கைக்கு 10 நிமிடம். ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் கருவியில் 6.9 சதவீதம், கையில் 7.9 சதவீதம். கை அழுத்தத்தைவிடக் கருவி மோசமில்லை என்பதே அதன் முடிவு. ஆகவே கையால் அழுத்துவதைப் பழைய முறை என்று தள்ளுவதற்கு நியாயமில்லை.

சிக்கல், பழகும் காலத்தில் இருக்கிறது. ஸ்டார்குளோஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பயன்படுத்தப்பட்ட அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. தொடக்க நோயாளிகளிடம் கருவி அதிகம் தவறியது. மருத்துவரின் அனுபவம் ஏற ஏறத் தவறுவது குறைந்தது. தூத்துக்குடி போன்ற ஊரில் இந்தப் பழகும் காலம் இன்னும் நீளும் என்றே இவ்வமைப்பு கருதுகிறது. மணிக்கட்டில் கை தேர்ந்த தலைமுறைக்குத் தொடையில் பழகும் வாய்ப்பு அரிது. மணிக்கட்டில் தேர்ச்சி கூடக் கூடத் தொடையில் பழக்கம் குறையும் இந்த முரணுக்கு ஆய்வாளர்கள் காம்போவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, தொடை வழியே வருகிறவர்களில் பலர் நிலைமை மோசமானவர்கள். அரைகுறைப் பழக்கம் அவர்கள் உடம்பில்தான் வந்து விழுகிறது.

துளை சற்று மேலே விழுந்து மூடல் தவறினால் ரத்தம் வயிற்றின் பின்புறம் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. முதுகும் விலாவும் வலிக்கும், வியர்க்கும், ரத்த அழுத்தம் இறங்கும். வார்டில் இருந்தால் செவிலியர் கண்டுபிடித்துவிடுவார். வேம்பார், மணப்பாடு போன்ற கடலோரச் சிற்றூருக்கு வீடு திரும்பியவருக்கு யார் சொல்வது? அதிலும் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவரும், உப்பளத்தில் வேலை செய்கிறவரும், சங்கு குளிக்கிறவரும் கூலி போகிறதே என்று சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறவர்கள்.

எனவே இவ்வமைப்பு கோருவது இது. புதிய கருவியை எடுக்கும் மருத்துவர், அதில் தேர்ந்த ஒருவர் அருகில் நிற்க, அவசரமில்லாத நோயாளிகளிடம் மட்டும் தொடங்க வேண்டும். நள்ளிரவு மாரடைப்பு அதற்கான இடமல்ல. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்துவதும், மூடுமுன் சாயம் செலுத்தித் துளை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும். ஒரு கேத் லேபில் (ஆஞ்சியோ அறையில்) ஒன்றிரண்டு வகைக் கருவிகள் போதும். விற்பனையாளர் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் முயன்றால் எதிலும் கை படியாது. கையால் அழுத்தும் பயிற்சியையும் கைவிடக் கூடாது. கருவி தவறும்போது காப்பாற்றுவது அதுதான்.

பதிவேடு இல்லாமல் இவை எதுவும் நிலைக்காது. மிங்க்ஸ் என்ற கருவியில் சிக்கல் 1.2 சதவீதம், மாற்றுக் கருவிகளில் 0.8 என்ற சிறு வேறுபாட்டை 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியது பதிவேட்டை வைத்துத்தான். இந்தியாவிலும் மருத்துவக் கருவிகளின் தீங்கைத் தெரிவிக்க 2015இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் அரசு, தனியார் கேத் லேப்கள் ஒவ்வொரு தவறுதலையும் அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பும் நோயாளியின் கையில், எந்தக் கருவி, எந்தத் தொடை, என்றைக்கு வைத்தது, எந்த அறிகுறிக்கு ஓடிவர வேண்டும் என்று தமிழில் எழுதிய அட்டை இருக்க வேண்டும். ஆஞ்சியோ-சீல் கரைய 90 நாள் ஆகும். அதற்குள் அதே தொடையில் குத்த நேர்ந்தால் அடுத்த மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும். அட்டை தராவிட்டால், நோயாளியின் வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.