வரைபடத்தில் காலனிக்கும் ஒரு புள்ளி வேண்டும்

நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக வெளியேற்றாவிட்டால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்துவிடும். அந்த நீர் சென்னைக் குடிநீருக்கும் போகிறது, அக்கம்பக்கத்து வாய்க்கால்களுக்கும் போகிறது.

அதன் தரம் என்ன? 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, வடக்குவெள்ளூர் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதித்த அளவைவிட 250 மடங்கு இருப்பதாகச் சொன்னது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான்.

சுரங்க நிறுவனங்களும் அளக்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். ஆனால் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக அட்டவணைகளாகக் கிடக்கிறது. கூலிக்குப் போய்த் திரும்பும் எந்த அக்காவுக்கு அது புரியும்? அதனால்தான் இணைய வரைபடம் கேட்கிறோம். ஒன்றிய அரசின் 'இந்தியா-விரிஸ்' தளத்தில் கண்காணிப்புக் கிணறுகள் ஏற்கெனவே புள்ளிகளாக இருக்கின்றன. ஆக, தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் சண்டை அந்தப் புள்ளியோடுதான். வரைபடத்தில் கிராமத்துக்கு ஒரு பெயர், ஒரு புள்ளி. நிலத்திலோ ஊர் வேறு, காலனி வேறு. தொட்டி வேறு, மோட்டார் வேறு. ஊர்க் கிணற்று நீர் நல்லது என்று வந்தால், வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் சேரியின் போர் தண்ணீரும் நல்லது என்றே கணக்கில் ஏறிவிடும். சாதி பிரித்த ஊரை வரைபடம் மட்டும் ஒன்றாகக் காட்டுவது வேடிக்கைதான்.

நெய்வேலி கதை திருவாண்டார்கோயிலில் எதற்கு என்று கேட்பார்கள். கடலூர் மணற்பாறை நீரடுக்கு நெய்வேலியோடு முடியவில்லை, புதுச்சேரிக்குள்ளும் வருகிறது. பாகூர் மண்ணுக்கடியில் சுமார் 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கு வைத்திருக்கிறது. நாளை தோண்டினால், இன்றைய நீரின் கணக்கு கையில் இல்லாமல் எதை வைத்து வழக்காடுவோம்? திருவாண்டார்கோயில் பக்கம் சுரங்கம் இல்லை, தொழிற்சாலைகள் உண்டு. கேள்வி அதேதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. மாதிரி எடுத்த தெரு, தேதி, சோதித்த கூடம், பாதரச அளவு எல்லாம் தமிழில், செல்போனில் திறக்கும் வரைபடமாக வரட்டும். போன் இல்லாதவர்களுக்காக அதே அளவுகளைக் கொம்யூன் பஞ்சாயத்து தண்ணீர்த் தொட்டியில் எழுதி வைக்கட்டும். அடுத்த முறை மாதிரி எடுக்க வருகிறவர் காலனி போரிலும் ஒரு பாட்டில் பிடிக்கட்டும், எங்கள் பெண்கள் பார்த்திருக்க.